டெட்ரா செட்: கையுறையும் முகக்கவசமும் போட்டுப் பார்த்ததில்

தீயணைப்பு மீட்புப் பணியில் ரேடியோ பயிற்சி கொடுப்பது என் வேலை. செட்டைப் பிரித்துப் பழுது பார்ப்பவன் நான் இல்லை. அதை மாட்டிக்கொண்டு புகைக்குள் போகிறவர்களுக்கு எப்போது அழுத்த வேண்டும், எப்போது பேச வேண்டும், பேச்சு போகவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவன். பழைய அனலாக் வாக்கி டாக்கியிலிருந்து டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோ முறைக்கு மாறிய காலத்தை முழுதாகக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

எந்த நிறுவனத்தின் செட் என்று சொல்லப்போவதில்லை. டெட்ரா ஒரு பொதுத் தரம். ஐரோப்பாவின் தொலைத்தொடர்புத் தர அமைப்பான எட்சி 1995இல் வெளியிட்டது. பல நிறுவனங்கள் அதே தரத்தில் செட் செய்கின்றன. எனவே இந்த மதிப்பீடு கைக்கருவி, டவர், கட்டுப்பாட்டு அறை மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்கானது. விற்பனைக் கையேட்டில் முதல் பக்கத்தில் இருக்கும் வண்ணத்திரை, வரைபடம், புளூடூத் எல்லாவற்றையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். தடித்த கையுறை போட்ட கையில், மூச்சுக்கருவி முகக்கவசத்துக்குள்ளிருந்து, பம்ப் இரைச்சலுக்குப் பக்கத்தில், அடித்தளத்தில் இந்த செட் என்ன செய்கிறது? அதுதான் என் கேள்வி.

முதலில் அழுத்திப் பேசுவதைப் பார்ப்போம். அனலாக் செட்டில் பட்டனை அழுத்தினால் அலை உடனே கிளம்பிவிடும். டெட்ராவில் பட்டனை அழுத்தியதும் செட் டவரிடம் இடம் கேட்கிறது, டவர் ஒதுக்குகிறது, 'பேசலாம்' என்று ஒரு டோன் வருகிறது. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 300 மில்லி நொடிதான். கண் சிமிட்டும் நேரம் என்றாலும் பழைய பழக்கத்தில் அழுத்திக்கொண்டே பேச ஆரம்பிப்பவருக்கு முதல் சொல் போய்விடும். "மூணாவது மாடிக்குப் போகாதீங்க" என்று உள்ளே சொன்னது வெளியே "மாடிக்குப் போகாதீங்க" என்று வந்து சேரும். எந்த மாடி என்று திரும்பக் கேட்க வேண்டும், அதற்குள் யாரோ வேறு மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். அதனால் நான் பயிற்சியில் வேறெதையும் தொடுவதற்கு முன் இதைத்தான் பழக்குகிறேன்: அழுத்து, டோன் கேள், மூச்சு விடு, பேசு. பேசி முடித்த பிறகும் ஒரு கணம் விரலை எடுக்காதே. இதற்கு மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. நாடு முழுக்கப் பரவிய ஒரு வலையில், நூற்றுக்கணக்கான செட் இருக்கும் ஒரு குரூப்புக்கு, அதாவது ஒரே பேச்சைச் சேர்ந்து கேட்கும் செட்களின் தொகுப்புக்கு, இவ்வளவு வேகத்தில் பேச்சு போய்ச் சேருவது பெரிய விஷயம். செல்போனில் ஒருவரை அழைத்து மணி அடிப்பதற்குள் இங்கே ஒரு செய்தி போய்ப் பதிலும் வந்துவிடும்.

அப்புறம் இரைச்சல். இங்கேதான் டிஜிட்டல் ரேடியோவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. டெட்ராவில் குரலுக்குக் கிடைப்பது நொடிக்கு 4.567 கிலோபிட் மட்டுமே. அவ்வளவு சின்ன இடத்தில் ஒலியை அப்படியே அனுப்ப முடியாது. மனிதத் தொண்டை எப்படி ஒலி எழுப்பும் என்ற கணக்கை வைத்துக் குரலைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்பக் கட்டி எழுப்புகிறார்கள். அமைதியான அறையில் கேட்டால் அருமையாக இருக்கும். ஆனால் மைக்குக்குள் குரலோடு வெட்டு ரம்பத்தின் ஓசை, பம்ப் இரைச்சல், காற்று தீரப்போவதைச் சொல்லும் மூச்சுக்கருவி விசில் எல்லாம் சேர்ந்து போனால், அந்தக் கணக்கு குழம்பிவிடும். ரம்ப ஓசையையும் குரல் என்று எண்ணிக்கொண்டு எதையோ கட்டி எழுப்பும். 2008இல் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு அமைப்பான என்டிஐஏ தீயணைப்புப் பணியின் இரைச்சல்களை வைத்துக் கேட்புச் சோதனை நடத்தியது. அங்கே பயன்படும் பி25 வகை டிஜிட்டல் குரல்முறையைத்தான் சோதித்தார்கள். சில இரைச்சல் சூழல்களில் அனலாக்கைவிட டிஜிட்டலில் சொற்கள் புரிவது குறைவு என்று முடிவு வந்தது. டெட்ராவின் குரல்முறை வேறு, ஆனால் சிக்கலின் வேர் ஒன்றே.

புதிய செட்களில் இரண்டு மூன்று மைக் வைத்துப் பின்னணி இரைச்சலை நீக்குகிறார்கள். இது உண்மையாகவே வேலை செய்கிறது. வாங்குகிறவர்கள் செட்டை மேசையில் வைத்து "ஹலோ, ஹலோ" என்று சோதிக்காமல், ஓடுகிற ரம்பத்துக்கு அருகில் முகக்கவசத்தோடு ஒருவரை நிறுத்தி, இன்னொருவரைக் கட்டடத்தின் மறுபக்கத்தில் காகிதமும் பேனாவுமாக உட்கார வைத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் பார்த்தால் எந்த செட்டை வாங்குவது என்று தெரிந்துவிடும். பயன்படுத்துகிறவருக்கு நான் சொல்வது: தோள்மைக்கை முகக்கவசத்தின் பேச்சுத் துளைக்கு நேரே இரண்டு விரல் இடைவெளியில் பிடிக்க வேண்டும், கத்தக்கூடாது. கத்தினால் ஒலி உடைந்துபோகும், குரல் கணக்கு இன்னும் தடுமாறும். பதற்றத்தில் கத்தாமல் பேசுவது பயிற்சியில்தான் வரும்.

அடுத்தது சிக்னல் விளிம்பு. அனலாக் செட்டில் சிக்னல் குறையும்போது 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடிக்கொண்டே வரும். பேச்சு தேய்ந்துபோவது காதுக்குத் தெரியும், இன்னும் நாலு அடி போனால் போய்விடும் என்று உடம்பே சொல்லும். டெட்ராவில் அந்த முன்னறிவிப்பு இல்லை. தெளிவாக இருக்கும், தெளிவாக இருக்கும், பிறகு திடீரென ஒன்றும் இருக்காது. திரையில் சிக்னல் கோடுகள் இருக்கின்றனதான், ஆனால் புகைக்குள் திரையை யார் பார்ப்பது? இதற்கு ஒரே வழி, வலையை விட்டு வெளியேறும்போது செட் ஓசை எழுப்பும்படி அமைப்பது. பெரும்பாலான செட்களில் இந்த வசதி உண்டு. பல இடங்களில் தொந்தரவு என்று அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அடித்தள வாகன நிறுத்தத்தில் ஒரு பயிற்சி. இரண்டாவது தளத்துக்கு இறங்கும் சரிவில் ஒரு இளைஞர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பட்டனை அழுத்தினார், மறுப்பு ஓசை வந்தது.

"அண்ணே, டோன் வரல."

"வரலைன்னா என்ன செய்யணும் தம்பி?"

கொஞ்சம் யோசித்தார். பிறகு கையுறை போட்ட விரலால் பக்கவாட்டுப் பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து, அழுத்திப் பிடித்தார். செட் டிஎம்ஓவுக்கு மாறியது. மேலே வாசலில் நின்ற வீரரின் குரல் உடனே கேட்டது. அந்த இளைஞர் திரையைப் பார்க்கவே இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

டிஎம்ஓ என்பது டவர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் முறை. டெட்ராவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான். டவர் விழுந்தாலும், மின்சாரம் போனாலும், நிலத்தடிக்குள் வலையே எட்டாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் ஆளோடு பேச முடியும். கைக்கருவியின் திறன் பொதுவாக 1 வாட், சிலவற்றில் 1.8 வாட். கான்கிரீட் தளங்களுக்கு நடுவே அது வெகுதூரம் போகாது, ஆனால் வாசலில் நிற்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் இடையே போனால் போதும். நடுவில் ஒரு வண்டியை, பேச்சை வாங்கித் திரும்ப அனுப்பும் டிஎம்ஓ ரிப்பீட்டராக நிறுத்தினால் தூரம் கூடும். வண்டியில் டிஎம்ஓவை வலையோடு இணைக்கும் கேட்வே இருந்தால் உள்ளே நடக்கும் பேச்சு பெரிய வலைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் போகும்.

இதில் ஒரு விலை உண்டு. கேட்வே இல்லாமல் டிஎம்ஓவுக்கு மாறினால் கட்டுப்பாட்டு அறைக்கு உங்கள் பேச்சு கேட்காது. நீங்கள் அபாயப் பட்டனை அழுத்தினாலும் அருகில் அதே சேனலில் இருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் வாசலில் ஒருவர் இரண்டு செட்டோடு நிற்க வேண்டும்: ஒன்று உள்ளே போனவர்களைக் கேட்க, மற்றொன்று வலையில். ஆள் பற்றாக்குறை என்று இந்த இடத்தை வெறுமையாக விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். உள்ளே இருப்பவரின் ஒரே நூல் அந்த வாசல் ஆள்.

நிலத்தடியில் ரேடியோ எட்டாமல் போவது புதிய கதை இல்லை. 1987இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். அதன் விசாரணை அறிக்கை நிலத்தடித் தொடர்பைச் சரிசெய்யச் சொன்னது. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்புகளின்போது, ரயில்வே போலீஸ் தவிர மற்ற அவசரப் பணியாளர்களால் சுரங்கத்திலிருந்து ரேடியோவில் பேச முடியவில்லை. இவ்வளவு ஆண்டு கழித்தும் இப்படியா என்று லண்டன் அசெம்பிளியின் அறிக்கை கடுமையாகக் கேட்டது. பிறகுதான் அங்கே டெட்ரா வலை சுரங்கத்துக்குள் இறங்கியது. தரம் 1995இலேயே தயாராக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கருவி இருப்பதும் சுரங்கத்துக்குள் கேபிள் இழுப்பதும் வேறு வேறு முடிவுகள்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்தது இன்னொரு பாடம். உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் நிற்காது என்ற எச்சரிக்கை போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து போலீஸ் அலைவரிசையில் போனது. உள்ளே இருந்த தீயணைப்பு வீரர்களின் செட்டில் அது ஒலிக்க வழி இல்லை. அன்று 343 தீயணைப்புப் பணியாளர்கள் இறந்தார்கள். டெட்ராவில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் ஒரே வலையில் இருக்கலாம், பொதுக் குரூப் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பொதுக் குரூப் செட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, எந்த அளவு சம்பவத்துக்கு யார் எல்லோரையும் அதற்கு மாறச் சொல்வது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதிப் பழகியிருக்க வேண்டும். நான் பார்த்த செட்களில் பொதுக் குரூப் எப்போதும் இருந்தது, அடிக்கடி மூன்றாவது ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தது.

குரூப் பற்றிப் பேசும்போது, பெரிய விபத்துகளில் மட்டும் வெளிப்படும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலையை நேரத்தால் நான்கு துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டு டவரின் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். ஆக, ஒரே அலை மட்டும் உள்ள சின்ன டவரில் ஒரே நேரத்தில் மூன்று பேச்சுகள்தான். அன்றாட வேலைக்கு இது போதும். ஒரு ரயில் கவிழ்ந்தால்? சுற்றுப்பட்ட எல்லா நிலையங்களிலிருந்தும் வண்டிகள் அந்த ஒரு டவரின் கீழ் வந்து குவியும். ஒவ்வொருவரும் தங்கள் ஊர் குரூப்பையும் செட்டில் வைத்துக்கொண்டு வருவார்கள். தொலைவில் இருக்கும் நிலையத்தில் சாதாரணமாக யாராவது பேசினாலும், அந்த குரூப்பைச் சேர்ந்த ஒரு செட் இங்கே இருப்பதால் இந்த டவரில் ஓர் இடம் அதற்குப் போய்விடும். உள்ளே நிற்பவருக்கு 'வரிசையில் காத்திரு' ஓசைதான் கேட்கும். செட் கெட்டுப்போனது என்று நினைப்பார்கள். சம்பவ இடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும், பல குரூப்களையும் சேர்த்துக் கேட்கும் ஸ்கேனை நிறுத்திவிட்டு, சொன்ன குரூப்பில் மட்டும் இருந்தால் பாதி நெரிசல் போய்விடும். வலையை வடிவமைப்பவர்கள் பெரிய மைதானம், ரயில் சந்திப்பு, தொழிற்பேட்டை உள்ள இடங்களில் கூடுதல் அலை வைக்க வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

நெரிசலைக் குறைக்க இன்னொரு நல்ல வசதி ஸ்டேட்டஸ் செய்தி. 'கிளம்பிவிட்டோம்', 'இடத்துக்கு வந்துவிட்டோம்', 'பேச வேண்டும்' இவற்றை ஒரு எண்ணை அழுத்தினால் அனுப்பிவிடலாம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் வண்டியின் நிறம் மாறும், யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இதைப் பழகிய குழுவோடு வேலை செய்தால் குரூப் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரியும். அந்த அமைதியில்தான் உதவி கேட்கும் குரல் காதில் விழும்.

ஆரஞ்சு நிற அபாயப் பட்டன் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தினால் மற்றப் பேச்சுகளை இடைமறித்து முன்னுரிமை வாங்கிக்கொள்கிறது, யாருடைய செட் என்று எல்லோர் திரையிலும் காட்டுகிறது, அமைத்திருந்தால் பட்டனை விட்ட பிறகும் சில நொடிகள் மைக்கைத் திறந்து வைக்கிறது. கை சிக்கிக்கொண்டவருக்கு அந்தச் சில நொடிகள் உயிர். இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் நம்பத்தக்கதில்லை என்பதால், உள்ளே போகும்போதே எந்த வாசல், எந்தத் தளம் என்று சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தை விடக்கூடாது. தவழும்போது தானாக அழுந்திவிடாமல் இருக்க, ஒரு நொடிக்குச் சற்று மேல் பிடித்தால்தான் வேலை செய்யும்படி அமைப்பதே சரி என்பது என் எண்ணம்.

கைக்கருவியின் உடலமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தண்ணீரும் தூசியும் போகாத உறுதி இப்போது எல்லா நல்ல செட்களிலும் இருக்கிறது. சுற்றும் குமிழ் பெரிதாக, 'டிக் டிக்' என்று விரலுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். தொடுதிரை மட்டும் உள்ளது தீயணைப்புக்கு வேண்டாம். பேட்டரி ஒரு ஷிஃப்டுக்குத் தாங்கும், ஆனால் ரிப்பீட்டராகவோ நீண்ட நேரம் பேசியோ பயன்படுத்தினால் வேகமாகக் குறையும். எங்களுக்கு வந்த பெரிய மனக்குறை செட்டால் வந்ததில்லை. குரூப் பட்டியலை மாற்ற வேண்டியிருந்தபோது, விற்றவர்கள் எல்லா செட்டையும் தங்கள் இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பணியில் இருக்கும் செட்டை எப்படிக் கழற்றிக் கொடுப்பது? காற்றுவழியாகவோ நிலையத்தில் வைத்தோ நாமே மாற்றிக்கொள்ளும் உரிமையும் மென்பொருளும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் டெட்ராவுக்கு நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். பேச்சைப் பூட்டும் டிஇஏ வகை முறைகளைப் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 2023 ஜூலையில் மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து ஆய்வுக் குழு அவற்றை வெளிக்கொணர்ந்து பார்த்தபோது, டிஇஏ1 முறையில் 80 பிட் சாவி உள்ளுக்குள் 32 பிட்டாகச் சுருக்கப்படுவது தெரிந்தது. இன்றைய சாதாரணக் கணினி அதை மிகக் குறுகிய நேரத்தில் உடைத்துவிடும். ஐரோப்பிய அவசரப் பணிகள் பயன்படுத்தும் டிஇஏ2வில் இந்தச் சுருக்கம் இல்லை. அந்தச் சிக்கலுக்குப் பிறகு எட்சி இந்த முறைகளைப் பொதுவில் வைக்க முடிவெடுத்தது, அது நல்லது. வெளியாட்கள் முதலிலேயே பார்த்திருந்தால் இந்த ஓட்டை இத்தனை காலம் தங்கியிருக்காது. 'என்க்ரிப்ஷன் உண்டு' என்ற பதிலோடு நின்றுவிடாமல், எந்த முறை, எந்த எண் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மற்ற வழிகள்? வட அமெரிக்காவில் பி25 ஊன்றிவிட்டது. அங்கே இருப்பவர்கள் அதிலேயே இருப்பதுதான் நல்லது. 2005இல் வந்த டிஎம்ஆர் என்ற இன்னொரு டிஜிட்டல் ரேடியோ தரம் சின்ன அமைப்புகளுக்கும் தொழிற்சாலைக் காவலுக்கும் போதுமானது. கேள்வி எல்டிஇ, அதாவது 4ஜி செல்போன் வலை வழியே அழுத்திப் பேசும் முறையைப் பற்றித்தான். அமெரிக்காவில் 2012 சட்டத்தால் அவசரப் பணிகளுக்கான எல்டிஇ வலையான ஃபர்ஸ்ட்நெட் வந்தது, தென்கொரியா 2014 செவோல் கப்பல் விபத்துக்குப் பிறகு நாடு தழுவிய எல்டிஇ வலையைக் கட்டியது. டெட்ராவின் ஒரு துண்டில் தரவுக்குக் கிடைப்பது நொடிக்கு 7.2 கிலோபிட் என்கிறபோது, படமும் வீடியோவும் வேண்டும் என்றால் எல்டிஇதான். கட்டடத்தின் வரைபடத்தை வண்டியிலேயே பார்க்க முடிவது பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் சாதாரண எல்டிஇ கைக்கருவியின் அலைத்திறன் 0.2 வாட். டவர் இல்லாதபோது நேராகப் பேச டெட்ராவின் 1 வாட்டுக்கு அது ஈடாகாது. பிரிட்டனில் டெட்ரா வலைக்குப் பதிலாக எல்டிஇ கொண்டுவர 2015இல் ஒப்பந்தம் போட்டும், முதலில் சொன்ன கெடு என்றோ தாண்டிவிட்டது. குரலை டெட்ராவிலும் தரவை எல்டிஇயிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. இரண்டும் ஒரே செட்டில் இருக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை எடுத்தால் எல்டிஇ பகுதி பேட்டரியைத் தின்னும் வேகத்தை மட்டும் தனியாகச் சோதியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒன்று. ஒப்பந்தத்தில் சிக்னல் எட்டும் பரப்பு இத்தனை விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள். அது தெருவில் ஓடும் வண்டிக்கான கணக்கா, இடுப்பில் மாட்டிய கைக்கருவிக்கான கணக்கா, கட்டடத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். பதில் வந்ததும், உங்கள் பகுதியின் மருத்துவமனை அடித்தளம், உயரமான கட்டடத்தின் நடுப் படிக்கட்டு, சுரங்கப்பாதை இவற்றுக்கு விற்பனையாளரின் ஆளையும் கூட்டிக்கொண்டு இரண்டு செட்டோடு நடந்து போங்கள். பேச்சு அறுந்த இடங்களை எல்லாம் வரைபடத்தில் சிவப்பில் குறித்து, அந்தத் தாளை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.